கோடையில் போட்ட கோடு

சாப்பிட்ட தட்டுகளை ஒதுக்கிவிட்டு, தங்கை வீட்டு மேசையில் அக்கா வரைபடத்தை விரித்தாள். நில அளவைத் துறையில் பதினெட்டு வருடம் தேய்ந்தவள். தூர்ந்துபோன சதுப்பு நிலத்தை மீட்கும் திட்டத்துக்கு எல்லைக் கோட்டைச் சரிபார்த்து, நாளைக் காலை அவள் கையெழுத்திட வேண்டும்.

பழைய கோடு இந்த வீட்டை எட்டாமல் நின்றிருந்தது. முன்பு அளந்தவர்கள் கோடையில் வந்து, ஈரம் முடிந்த இடத்தில் முளை அடித்துவிட்டுப் போனார்கள். முளைக்கு இந்தப் பக்கம் மண்ணைக் கொட்டி மனை போட்டாயிற்று.

"கோட்டுக்கு வெளியதானே இருக்கோம்? ஏன் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கே?" என்றாள் தங்கை.

"பின்னாடி ஒரு துளை போட்டுப் பாத்துடறேன்டி."

"தங்கச்சி வீட்டுக்கு வர்றவங்க பூச்செடி பாப்பாங்க. நீ குழி தோண்டறே!"

கொல்லையில் அக்கா மண் துளைப்பானைத் திருகத் திருக, முழங்கை ஆழம் வரை செம்மண்ணும் செங்கல் துண்டும் வந்தன. அதற்குக் கீழே சாம்பல் நிறச் சேறு. அழுகிய முட்டை நாற்றம். நடுவே வெள்ளையாக நத்தை ஓடுகள். மழை பெய்து நான்கு மாதமாகியிருந்தது. ஆனாலும் குழிக்குள் தண்ணீர் சத்தமில்லாமல் ஊறி ஏறியது. ஒரு விரல். ஒரு சாண். இருவரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். அது ஏறிக்கொண்டே இருந்தது.

"மூடிடுக்கா. அவர் வர்றதுக்குள்ள மூடிடு."

"குழியை மூடிடலாம். மழைக்கு என்ன செய்யப்போறே?"

"கோட்டை நகர்த்தினா நாங்க எங்கே போவோம்? கூடப் பொறந்தவ வயித்துல அடிப்பியா?"

அக்கா குழியையே பார்த்தாள். பழைய கோட்டிலேயே கையெழுத்துப் போட்டால் யார் கேட்கப்போகிறார்கள்?

"அந்தக் கோட்டு மேலதான் கரை கட்டப்போறாங்க," என்றாள் மெதுவாக. "உள்ளே இடம் பத்தாத தண்ணி, கரையைச் சுத்திக்கிட்டு நேரா இங்கேதான் திரும்பும்."

தங்கை திரும்பிப் பார்த்தாள். பின்னறை ஜன்னல் திறந்திருந்தது. தரையோடு தரையாகப் போட்ட மெத்தையில் அவள் குழந்தை வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தது.

பிறகு உள்ளே போய்ப் பென்சிலை எடுத்துவந்து அக்கா கையில் திணித்தாள்.

"எங்க வீட்டை உள்ளே வெச்சே கோட்டைப் போடு. அப்பதான் தெருக்காரங்க நம்புவாங்க. காய்ஞ்ச மாசத்துல அளந்தவங்க தெரியாம தப்புப் பண்ணாங்க, நாங்களும் தெரியாம வீடு கட்டினோம். தெரிஞ்சப்புறமும் தண்ணியோட இடத்தை மறைச்சா, அதுக்குப் பேரு கொலைக்கா."