திருப்பாத காற்றுக்காட்டி

எட்னா தர்ல்பி கடைக்குள் நுழைந்தால், ஹாலபி கிராமத்தில் யாராவது ஒருவன் ஆள்காட்டி விரலை நாக்கில் நனைத்து மேலே தூக்கிக் காட்டுவான். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்கிறானாம். ஐம்பத்திரண்டு வருஷமாக இதே வேடிக்கை. முதலில் காட்டியவர்கள் செத்துப்போய், இப்போது அவர்களுடைய பேரன்கள் காட்டுகிறார்கள். எதற்காகக் காட்டுகிறோம் என்பது அதில் பாதிப் பேருக்குத் தெரியாது. எட்னா யாரையும் ஏறிட்டுப் பார்க்காமல் பாலும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடுவாள்.

அவளுடைய தம்பி மகள் டோனாவுக்குத்தான் அதைப் பார்த்துப் பார்த்து வயிறு எரியும்.

தர்ல்பி குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் டோனா. வரலாறு படித்தாள். பட்டம் வாங்கித் திரும்பியபோது ஊரில் இருந்த ஒரே வேலை கோழிக்கொட்டகையில்தான். அவளுடைய அம்மா பாலீன் அங்கேதான் பதினெட்டு வருஷமாகக் கோழி பொட்டலம் கட்டுகிறாள். கொட்டகைகள் நிற்கிற நிலம் இரண்டாம் உலகப் போரின்போது விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்த மைதானம். பையன்கள் பறந்த புல்வெளியில் இப்போது இருபத்திரண்டு நீளக் கொட்டகைகள். மிச்சமிருப்பது ஓரமாக ஒரு புல்பட்டை மட்டும். நிலம், கொட்டகை, தேவாலயத்துக்குப் பின்னால் உள்ள பெரிய வீடு, பாலீனும் எட்னாவும் குடியிருக்கிற இரண்டு கூலிவீடுகள் எல்லாமே மேஜர் ஜைல்ஸ் அவெரிங்குக்குச் சொந்தம். போரின்போது அந்தப் பயிற்சிப் பள்ளிக்குத் தலைமைப் பயிற்றாளராக இருந்தவர் அவருடைய அப்பா, ஹியூ அவெரிங்.

போர் முடிந்து ஐம்பது வருஷம் ஆகிறதென்று அந்த வருஷம் ஊருக்கு ஊர் நினைவுப்பலகை வைத்தார்கள். ஹாலபியும் வைத்தாக வேண்டும். எழுதிக்கொடுக்கப் படித்த ஆள் வேண்டும். மேஜர் டோனாவைக் கூப்பிட்டனுப்பி, அப்பா காலத்துக் காகிதம் நிறைந்த ஒரு தகரப்பெட்டியைக் கொடுத்து, அனுபவத்துக்கு நல்லது என்றார். கூலி பற்றி அவரும் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை.

அவெரிங் குடும்பத்தில் எதையும் தூக்கி எறிய மாட்டார்கள். எதையும் படிக்கவும் மாட்டார்கள். பரணில் போட்டால் பத்திரம் என்று நினைக்கிற ஜாதி. அதனால்தான் அந்தப் பெட்டியின் அடியில் மைதானத்தின் நாட்குறிப்பு டோனா கையில் சிக்கியது.

ஊருக்குத் தெரிந்த கதை இதுதான். அந்தக் காலத்துப் பயிற்சி விமானங்களில் வானொலி கிடையாது. புல்லின்மேல் டி எழுத்து வடிவத்தில், பெரிதாக, வெள்ளையடித்த ஒரு மரச்சட்டம் கிடக்கும். காற்றுக்காட்டி என்பார்கள். குறுக்குச்சட்டம் இருக்கிற பக்கத்திலிருந்து காற்று வருகிறது, அதைப் பார்த்து இறங்கு என்று அர்த்தம். காற்று மாறினால் சட்டத்தைத் திருப்ப வேண்டும். திருப்புகிற வேலை இருபத்தொரு வயது எட்னாவுடையது. 1943 மே மாதம் ஒருநாள் அவள் திருப்பவில்லை. லெஸ்லி பிம் என்ற பத்தொன்பது வயது மாணவன் தனியாகப் பறந்துவிட்டு வந்து, காட்டிய திசையை நம்பி இறங்கினான். காற்று முதுகில் தள்ள, விமானம் நிற்காமல் ஓடி, கல்மதிலில் மோதி எரிந்தது. தப்பு தன்னுடையது என்று எட்னாவே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அவள் எவனோடோ பேசிக்கொண்டிருந்தாள் என்றது ஊர். எவனோடு என்று மட்டும் இன்றுவரை ஒருவரும் சொன்னதில்லை.

நாட்குறிப்பில், எட்னாவின் உருண்டைக் கையெழுத்தில், பென்சிலால் எழுதியிருந்தது: “11.40. காற்று மாறி மேற்கிலிருந்து வருகிறது. காற்றுக்காட்டியைத் திருப்ப அனுமதி கேட்டேன். தலைமைப் பயிற்றாளர் உத்தரவு: விருந்தினர் உணவு முடியும்வரை அப்படியே இருக்கட்டும்.” அன்றைக்குத் தளபதி ஒருவர் வந்திருக்கிறார். விமானங்கள் விருந்துப் பந்தலைப் பார்த்து இறங்கினால்தான் விருந்தினருக்குக் காட்சி. கீழே அடுத்த வரி, “12.15. பிம்.” அவ்வளவுதான்.

டோனா அன்று சாயங்காலமே அத்தை வீட்டுக்கு ஓடினாள். புத்தகத்தை மேஜையில் விரித்து வைத்தாள். அத்தை அழுவாள் என்று எதிர்பார்த்தாள்.

எட்னா மூக்குக்கண்ணாடி வழியாக ஒருமுறை பார்த்துவிட்டு, “என் கையெழுத்து அப்ப நல்லாதான் இருந்திருக்கு,” என்றாள்.

“அத்தை, இது ஆதாரம். உங்க மேல தப்பே இல்ல.”

“அது எனக்குத் தெரியாதாடி? அங்கதான நின்னேன்.”

“ஊருக்குத் தெரியணுமில்ல.”

“ஊருக்கும் தெரியும். பரிமாறின பொண்ணுங்க அத்தனை பேரும் காதால கேட்டாங்க. பாதிரியார் பக்கத்துல உக்காந்து சூப் குடிச்சிட்டிருந்தாரு.”

யாருக்கும் தெரியாத ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதாக டோனா நினைத்திருந்தாள். மறைத்து வைக்கப்பட்ட ரகசியம் என்றால் உடைக்கலாம். எல்லாரும் தெரிந்தே மென்று முழுங்கியதை என்ன செய்வது? பிறகு ஏன் தப்பை ஏற்றுக் கையெழுத்துப் போட்டீர்கள் என்று கேட்டாள். எட்னா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள். அவளுடைய அப்பா அப்போது அவெரிங் வீட்டில் குதிரை பார்த்துக்கொண்டிருந்தார். குடியிருந்தது அவர்களுடைய வீடு. கையெழுத்துப் போடாவிட்டால் சனிக்கிழமைக்குள் சாமானை எடுத்து வெளியே வைக்க வேண்டும். “உங்கப்பனுக்கு அப்ப எட்டு வயசு. மழை வேற.”

அந்த மழைக்காக அத்தை ஐம்பத்திரண்டு வருஷம் நனைந்திருக்கிறாள். டோனாவுக்கு அவெரிங் மேல் வந்த கோபத்தில் பாதி அத்தை மேலும் வந்தது. அதை மறைக்கவும் அவளுக்குத் தெரியவில்லை.

“என் பேரெல்லாம் போடாத,” என்றாள் எட்னா. “திருப்ப வேணாம்னு சொன்னது யாருன்னு ஒரு வரி மட்டும் போடு. அந்தப் பையனோட அம்மா எனக்குக் கடுதாசி எழுதினா. நான் பதில் போடல.”

அந்த ஒரு வரிக்காக டோனா மேஜரிடம் மூன்று தடவை போனாள். முதல் தடவை பலகையில் இடமில்லை என்றார். இரண்டாம் தடவை பழைய புண்ணைக் கிளறக் கூடாது என்றார். யாருடைய புண் என்று அவள் கேட்டதும் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றாம் தடவை அன்பாகவே பேசினார். “இதோ பாரும்மா, நீ கெட்டிக்காரி. ஆனா இங்க யாரும் சண்டை பாக்க வரல, கேக் சாப்பிட வர்றாங்க.” பலகை அச்சாகி வந்தது. ஹியூ அவெரிங்கின் படம் பெரிதாக. லெஸ்லி பிம் உட்பட முப்பத்தொரு பேர் பயிற்சியில் உயிர்நீத்தார்கள் என்று ஒரே வரி. கடைசியில் பொடி எழுத்தில், வரலாறு: டோனா தர்ல்பி.

விழாவுக்கு ஒரு காற்றுக்காட்டியும் வேண்டும் என்று மேஜருக்கு ஆசை. திருப்புகிற மாதிரி மரத்தில் செய்யலாம் என்றாள் டோனா. மரம் உளுத்துப்போகும் என்று சொல்லிக் கான்கிரீட்டில் வார்த்து வெள்ளையடித்துவிட்டார். குறுக்குச்சட்டம் கிழக்கே, பெரிய வீட்டைப் பார்த்து. புகைப்படத்துக்கு அப்படித்தான் அழகாம். விழாவுக்கு வாடகை விமானத்தில் பறந்து வரப்போகிறவன் அதைப் பார்ப்பானே என்று கேட்டாள். மேஜர் சிரித்தார்.

விழா நாளில் பந்தலுக்கடியில் நூறு பேர் தட்டும் கையுமாக நின்றார்கள். மதியம் காற்று திரும்பி மேற்கிலிருந்து அடித்தது. இருபத்திரண்டு கொட்டகையின் நாற்றமும் மொத்தமாக வந்து கேக்கின்மேல் உட்கார்ந்தது. சீமாட்டிகள் கைக்குட்டையைத் தேடினார்கள். அப்போதுதான் அந்தப் பழைய இரட்டை இறக்கை விமானம் வந்தது. வாடகைக்கு அமர்த்தியது, வானொலி இல்லாதது. புல்பட்டையில் இறங்கி மேஜரோடு கைகுலுக்குவதாக ஏற்பாடு. அது தாழ வந்தது. விமானி தலையை வெளியே நீட்டிக் கீழே பார்ப்பது தெரிந்தது. சட்டம் ஒன்று சொல்கிறது, கொட்டகைப் புகைபோக்கியின் புகை வேறொன்று சொல்கிறது. ஒரு வட்டம் போட்டான், இன்னொரு வட்டம் போட்டான். எதை நம்புவது என்று யோசித்தவன், எதையும் நம்பாமல் வந்த வழியே போய்விட்டான்.

பந்தல் ஓரமாக நாற்காலியில் இருந்த எட்னா, “இவன் பொழச்சுக்குவான்,” என்றாள்.

மேஜர் ஒலிபெருக்கியைத் தட்டினார். “மன்னிக்கணும். காத்துக்காட்டிய நம்ம டோனா பொறுப்புல விட்டிருந்தோம். தர்ல்பி வீட்டுப் பொண்ணு. வேறென்ன சொல்ல?” பந்தல் குலுங்கிச் சிரித்தது. பாலீனோடு வேலை செய்கிறவர்களும் சிரித்தார்கள். பாலீன் தலையைக் குனிந்துகொண்டாள்.

மறுவாரம் பாலீன் வேலையிலிருந்து ஒரு கடிதம் கொண்டுவந்தாள். ஊர்ச் செய்திமடலில் போட, தட்டச்சு செய்து தயாராக இருந்தது. காற்றுக்காட்டியைக் கவனிக்கத் தவறியதற்கு வருந்துகிறேன். கீழே டோனாவின் பெயர், அதற்கு மேலே கையெழுத்துக்கு ஒரு கோடு. கொட்டகை மேலாளர் கொடுத்தனுப்பியிருந்தார்.

“ஒரு கையெழுத்துதான,” என்றாள் பாலீன். “படிச்சவளுக்குக் கை வலிக்குமா?”

“அது கான்கிரீட்டும்மா. அத எப்படி நான் திருப்புறது?”

“எனக்குத் தெரியும். எல்லாருக்கும் தெரியும். அதனால என்ன? அண்ணி, நீங்களாச்சும் சொல்லுங்க.”

எட்னா காகிதத்தை வாங்கி, தூரத்தில் பிடித்துப் படித்தாள். “கவனிக்கத் தவறியதற்கு,” என்று ஒருமுறை வாய்விட்டுச் சொன்னாள். “என்கிட்ட நீட்டினதுலயும் இதேதான் இருந்துது.” பிறகு பாலீனைப் பார்த்து, “நான் போட்டேன். நீயும் போடச் சொல்ற. அவ இஷ்டம்,” என்று காகிதத்தை மேஜையில் வைத்தாள்.

டோனா கையெழுத்துப் போடவில்லை. பெட்டியைத் திருப்பிக் கொடுத்தாள், நாட்குறிப்பைக் கொடுக்கவில்லை. அந்தப் பக்கத்தை நகலெடுத்துச் செய்திமடலுக்குக் கொடுத்தாள், அதை நடத்துகிற இப்போதைய பாதிரியார் போடவில்லை. கடைக் கதவில் ஒட்டினாள், சாயங்காலம் கதவில் பசை மட்டும் இருந்தது. அடுத்த மாதம் பாலீனைப் பொட்டலம் கட்டுகிற இடத்திலிருந்து எடுத்துக் கோழி அறுக்கிற வரிசையில் போட்டார்கள். வீட்டுக்கு வந்து முழங்கை வரைக்கும் தேய்த்துக் கழுவுவாள். மகளிடம் தேவைக்குமேல் பேசுவதில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை டோனா கடைக்குப் போனாள். கொட்டகை மேலாளரின் மகன் கல்லாவில் சாய்ந்து நின்றிருந்தான். அவளைப் பார்த்ததும் விரலை நாக்கில் நனைத்து மேலே தூக்கினான். வரிசையில் இருந்தவர்கள் வேறெங்கோ பார்த்தபடி சிரித்தார்கள்.

டோனா வெளியே போகவில்லை. அவனுக்கு நேர் எதிரே போய் நின்று, தன் விரலை நனைத்து, அவன் விரலுக்குப் பக்கத்திலேயே தூக்கிப் பிடித்தாள்.

“மேற்குக் காத்து,” என்றாள். “காலையிலேருந்து மேற்குதான். உங்கப்பாகிட்டயும் சொல்லு, மேஜர்கிட்டயும் சொல்லு.”

அவன் விரலை இறக்கினான். அவள் இறக்கவில்லை. கடைக்காரி ரொட்டியைக் காகிதத்தில் சுற்றி முடித்து, என்ன செய்வதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.