மேலும் ஒரு விவரம்

பத்தரை மணிக்குள் டைப்பிஸ்டம்மா ஒன்பது கடிதங்களை அடித்து முடித்திருந்தாள். எல்லாமே இருபத்தொன்பதாம் நாள் கோப்புகள். அவற்றை மதியத்துக்கு வைத்திருக்கக் கூடாது என்பது அந்தப் பிரிவின் எழுதாத சட்டம். ஒன்பது கடிதங்களுக்கும் கடைசி வரி ஒன்றுதான்: "மேற்கண்ட விவரம் கிடைத்தவுடன் தங்கள் மனு பரிசீலிக்கப்படும்." அந்த வரி அவள் விரல்களுக்கே மனப்பாடம். கண் சன்னலுக்கு வெளியே இருந்தாலும் பிழை விழாது.

மருத்துவ உதவி மனுக்களைப் பார்க்கும் அந்தப் பிரிவின் நடுச்சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு திரை. ஒரு வருஷத்துக்கு முன்னால் அமைச்சகம் 'விரைவுத் திட்டம்' கொண்டுவந்தபோது மாட்டியது. மனு வந்து முப்பது நாளைக்குள் இருந்தால் பச்சை, தாண்டினால் சிவப்பு. ஒவ்வொரு திங்கட்கிழமையும் மேலிடம் சிவப்பை மட்டும் எண்ணும். திட்டம் கெட்டதென்று சொல்ல முடியாது. அதற்கு முன் கோப்புகள் நாலு வருஷம், அஞ்சு வருஷம் தூங்கியிருக்கின்றன. முதல் இரண்டு மாதம் அலமாரிகளெல்லாம் காலியாகி, ஜனங்களுக்கு உத்தரவுகள் பறந்தன. அப்புறம்தான் நிதிப்பிரிவு என்ற கல் குறுக்கே வந்தது. அங்கே போகிற கோப்பு இரண்டு மாதம் கிடக்கும். கிடக்கிற நாளெல்லாம் இவர்கள் கணக்கில்தான் ஓடும்.

யார் முதலில் கண்டுபிடித்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. மனுதாரரிடம் ஏதாவது ஒரு விவரம் கேட்டுவிட்டால் கடிகாரம் நின்றுவிடும். பதில் வந்தால் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். கேட்கத்தக்க விவரங்கள் பதினாலு, ஒவ்வொன்றுக்கும் முழு வாசகத்தோடு, டைப்பிஸ்டம்மாவின் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்தன.

"முன்னாடியெல்லாம் ஃபைலும் தூங்கும், மனு போட்டவனும் தூங்குவான்க்கா," என்றான் தபால் கட்டை இறக்கி வைத்த கடைநிலை ஊழியன். "இப்ப ஃபைலத் தூங்க விடுறதில்ல. அவனையும் தூங்க விடுறதில்ல."

அவள் சிரித்தாள். சிரித்தபடியே மேலே இருந்த உறையைப் பிரித்தாள்.

அரசுக் கல் அரைவை ஆலையில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்த ஒருவரின் பதில் அது. கல்தூசி நுரையீரலைத் தின்றுவிட்டது. வீட்டில் வைத்துக்கொள்ள ஆக்சிஜன் கருவி ஒன்று கேட்டிருந்தார். மூன்று தடவை விவரம் கேட்டாயிற்று, மூன்று தடவையும் பதில் வந்தாயிற்று. இந்தத் தடவை பணிச் சான்றிதழோடு கோடு போட்ட நோட்டுத் தாள் ஒன்றும் குத்தியிருந்தது.

"அம்மா அல்லது ஐயா அவர்களுக்கு. நீங்கள் கேட்ட மூன்றாவது தாள் இத்துடன் உள்ளது. இன்னும் வேண்டியது இருந்தால் எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கேட்டுவிடக் கோருகிறேன். என் வீட்டிலிருந்து பஸ் நிறுத்தம் முந்நூறு அடி. நான் பதினோரு தடவை உட்கார்ந்து போக வேண்டியிருக்கிறது."

எழுத்து சில இடங்களில் கோட்டை விட்டுக் கீழே இறங்கி, அப்புறம் ஏறியிருந்தது. எழுதும்போதும் உட்கார்ந்து உட்கார்ந்துதான் எழுதியிருப்பார் போல.

அன்று சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியவள் தன்னையறியாமல் எண்ணத் தொடங்கினாள். மருந்துக்கடைப் படியில் ஒன்று. குழாயடித் திட்டில் இரண்டு. பூட்டிய சலவைக்கடை வாசலில் மூன்று. தினம் நடக்கிற தெருதான். ஆனால் ஒவ்வொரு திட்டிலும் யாரோ இப்போதுதான் எழுந்துபோன மாதிரி இருந்தது. இரண்டு உள்ளங்கைகளையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு, பேசாமல், அவள் கடந்து போகட்டும் என்று காத்திருந்துவிட்டு எழுந்த மாதிரி.

ஒருநாள் அவள் கணவர் காய்கறிப் பையோடு வந்தபோது சலவைக்கடைப் படியில் அவளே உட்கார்ந்திருந்தாள்.

"என்ன, கால் வலியா?"

"இல்ல."

"பின்ன யாருக்காக உக்காந்திருக்க?"

படியில் கொஞ்சம் இடம் விட்டு ஓரமாகவே உட்கார்ந்திருந்ததை எழுந்த பிறகுதான் கவனித்தாள்.

இருபத்தெட்டாம் நாள் அந்தக் கோப்பைக் கையிலேயே எடுத்துக்கொண்டு பிரிவு அதிகாரியின் அறைக்குப் போனாள். அதிகாரிக்கு அலுவலகத்தில் 'முப்பது' என்று பெயர். அந்த எண்ணைச் சொல்லாமல் அவரால் ஒரு பேச்சையும் முடிக்க முடியாது. கெட்ட மனுஷர் இல்லை. அவருக்கு முன் இருந்தவரை ஏழு சிவப்புக்காகத் தூக்கியடித்தார்கள், அவர் குடும்பம் ஒரு ஊரிலும் அவர் ஒரு ஊரிலுமாக இருக்கிறார். அந்த நாற்காலியில்தான் இவர் உட்கார்ந்திருந்தார்.

"சார், இதுல எல்லாமே இருக்கு. உத்தரவு போட்டுடலாம்."

அவர் புரட்டினார். நோட்டுத் தாளில் கொஞ்ச நேரம் நின்றார்.

"பாவம்தாம்மா."

"அதான் சார்."

"நான் கையெழுத்துப் போட்டா மிஷின் நேரா அவர் கைக்கா போகப் போகுது? நிதிப்பிரிவுல போய் உக்காரும். முப்பது தாண்டும். சிவப்பு நமக்கு. காலாண்டு முடிய இன்னும் மூணு வாரம். மத்த அமைச்சகத்துக்காரங்க வேற நம்மளப் பாக்க வராங்க. முதலிடத்துல இருக்கோம்மா." மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒண்ணே ஒண்ணு கேட்டு அனுப்பு. லேசா ஏதாவது. அவங்க வந்துட்டுப் போகட்டும், அடுத்த தடவ நானே எடுத்துட்டுப் போய் நிதிப்பிரிவுல நிக்கிறேன்."

லேசா ஏதாவது.

மேசைக்கு வந்து பதினாலையும் மேலிருந்து கீழாகப் படித்தாள். வசிப்பிடச் சான்று என்றால் ஓர் அலுவலகம் போக வேண்டும். ஆலை மேலாளர் கடிதம் என்றால் பஸ் ஏற வேண்டும். ஒன்பதாவதாக இருந்தது மூச்சுத்திறன் சோதனை அறிக்கை. நுரையீரல் போன மனுஷன் வீட்டில் அது இல்லாமலா இருக்கும்? ட்ரங்குப் பெட்டியைத் திறந்து எடுத்து உறையில் போட வேண்டியதுதான். எழுந்திருக்கக்கூட வேண்டாம். அதைத் தேர்ந்தெடுத்தபோது நெஞ்சில் இருந்து ஏதோ இறங்கிய மாதிரி இருந்தது. விரல்கள் ஒன்பதாவது வாசகத்தை அடித்து முடித்தன.

அதற்கப்புறம் தெருவில் எண்ணுவது நின்றுவிடும் என்று நினைத்தாள். நிற்கவில்லை. கூட ஒரு சத்தமும் சேர்ந்துகொண்டது. பஸ் கதவு மூடும்போது வருகிற காற்றிலும், அலுவலக ஏ.சி. இரைச்சலிலும் யாரோ இழுத்து இழுத்து மூச்சு விடுவது கேட்டது. சமையலறையில் குக்கர் சீறும்போது கையிலிருந்த கரண்டியோடு அப்படியே நின்றுவிடுவாள்.

"அடுப்ப அணை," என்பார் கணவர் கூடத்திலிருந்து.

மற்ற அமைச்சகத்துக்காரர்கள் வந்த அன்று பிரிவே கழுவித் துடைத்த பாத்திரம் மாதிரி இருந்தது. திரையில் ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை. பதினோரு மணிக்கு, டைப்பிஸ்டம்மாவின் மேசையை ஒட்டியிருந்த மனு வாங்கும் சன்னலில் ஒரு பெண் வந்து நின்றாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். ரப்பர் செருப்பு. நனையாமல் பிளாஸ்டிக் பையில் சுற்றிய தாளை நீட்டினாள்.

"நீங்க கேட்டிருந்தீங்களே, மூச்சு டெஸ்ட். பதினஞ்சு நாள்ல குடுக்கணும்னு போட்டிருந்துச்சு. இன்னிக்குப் பதினாலுங்க."

டைப்பிஸ்டம்மா மனு எண்ணைப் பார்த்தாள். பார்க்காமலே தெரிந்திருந்தது.

"அவர் எப்படி இருக்காரு?"

"போன செவ்வாக்கெழம தவறிட்டாருங்க."

சன்னல் கம்பிக்கு இந்தப்பக்கம் டைப்பிஸ்டம்மாவின் கை தாளின் மேலேயே இருந்தது.

"டெஸ்ட் எடுக்குற மிஷினு பெரிய ஆஸ்பத்திரில மூணாவது மாடிங்க. லிஃப்ட் ஓடல. தூக்கிட்டுப் போறோம்னோம், கேக்கல. ஏறிட்டாரு. மூணு தடவ ஊதணுமாம். சரியா வரலன்னு அஞ்சு தடவ ஊத வச்சாங்க. வீட்டுக்கு வந்து படுத்தவருதான்." ஊர்ப் பாதையை விவரிப்பதுபோல் சொன்னாள். அழுது முடித்த குரல்.

"பழைய டெஸ்ட் ஒண்ணும் வீட்ல இல்லையாம்மா?"

"இருந்துச்சுங்க. ஆனா ஏழு மாசம் ஆயிருச்சு. ஆறு மாசத்துக்குள்ள எடுத்ததுதான் வேணும்னு போட்டிருந்தீங்களே."

போட்டிருந்தாள். ஒன்பதாவது வாசகத்தின் நடுவில் அது இருந்தது. விரல்களுக்குத் தெரிந்திருந்தது, அவள்தான் படிக்கவில்லை.

"எதுக்கும்மா இத இவ்ளோ தூரம் எடுத்துட்டு வந்தீங்க? இனிமே..."

"குடுக்காட்டி மனு தள்ளுபடின்னு இருந்துச்சுங்க." அந்தப் பெண் முதன்முறையாகக் கொஞ்சம் தடுமாறினாள். "அவ்ளோ கஷ்டப்பட்டு ஊதினாரு. அது வீணாப் போகக் கூடாதில்லீங்களா. அதான்."

டைப்பிஸ்டம்மா தாளைக் கோப்பில் வைத்தாள். பெற்றுக்கொண்டதற்கான சீட்டை அடித்தாள். அச்சு இயந்திரம் அதை வெளியே தள்ளியது. இருந்த இடத்திலிருந்தே நீட்டலாம். ஆனால் எழுந்து, கதவைத் திறந்து, கூடத்துக்குப் போய், அதை அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தாள். ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தபோது படிக்கட்டில் பேச்சுச் சத்தம் கேட்டது.

அதிகாரி முன்னால், விருந்தினர்கள் ஏழெட்டுப் பேர் பின்னால், புகைப்படக்காரர் ஒருவர் பக்கவாட்டில்.

"சராசரி இருபத்தாறு நாள்," அதிகாரி சொல்லிக்கொண்டு வந்தார். "முப்பதத் தாண்டவே விடறதில்ல."

விருந்தினரில் ஒருவர் அந்தப் பெண்ணைப் பார்த்தார். "மனுதாரரா? நல்லதாப் போச்சு. இவங்களோட ஒரு படம் எடுத்துக்கலாமே."

டைப்பிஸ்டம்மா அதிகாரியின் அருகில் போனாள். "சார், இவங்க அந்த அரைவை ஆலைக்காரரோட சம்சாரம். அவரு செத்துப் போயிட்டாரு சார்."

அதிகாரியின் முகத்தில் சிரிப்பு இருந்த இடத்திலேயே இருந்தது. கண் மட்டும் ஒரு நொடி எங்கோ போய் வந்தது. "அப்புறம்மா," என்றார் உதடு அசையாமல். "அப்புறம்."

அதற்குள் புகைப்படக்காரர் அந்தப் பெண்ணைத் தோளைத் தொட்டு நடுவில் நிறுத்தியிருந்தார். விருந்தினர்கள் இருபுறமும் சட்டையைச் சரிசெய்துகொண்டு நின்றார்கள். பெரிய மனுஷர்கள் கூப்பிட்டதால், ஏதோ தன் வீட்டுக்காரர் காரியம்தான் நடக்கிறது என்று அவள் நினைத்திருக்க வேண்டும். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வந்து நின்றாள்.

"அந்தச் சீட்டக் கொஞ்சம் மேல தூக்கிப் பிடிங்கம்மா. இன்னும் மேல. எழுத்து தெரியணும்."

இரண்டு கையாலும் சீட்டை முகவாய்க்குக் கீழே பிடித்துக்கொண்டு, அவள் டைப்பிஸ்டம்மாவைத் தேடிப் பார்த்துக் கேட்டாள்:

"சிரிக்கணுங்களா?"