அம்பு ஒட்டிய சட்டை

முனவர் பேகம் தைத்துக் கொடுத்த மூன்று சட்டைகளிலும் பாக்கெட் வலது பக்கம் இருந்தது. ஆபரேஷனோ இடது பக்கம்.

விஜயகுமாரி சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வேலம்பாளையத்து பனியன் கம்பெனியில் பதினான்கு வருடமாகச் செக்கிங் மேசையில் நிற்பவள். ஓட்டை, கறை, விட்டுப்போன தையல், எது கண்ணில் பட்டாலும் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவாள். சரிசெய்ய முடிந்தால் ஆல்டர் பெட்டி, முடியாவிட்டால் ரிஜெக்ட் பெட்டி. மார்பில் இருப்பது புற்றுநோய்க் கட்டி என்று தெரிந்த நாளிலிருந்து அவள் மனசு அந்த இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில் கிடந்து அல்லாடியது. திங்கட்கிழமை அட்மிட் ஆக வேண்டும். போவோமா, மாட்டோமா என்பது இந்தச் சனிக்கிழமை மத்தியானம்வரை அவளுக்கே தெரியாது.

டாக்டர் நிர்மலா படம் போட்டுத்தான் விளக்கியிருந்தார். மார்பு முழுவதையும் எடுக்க வேண்டும், அக்குளில் உள்ள நெறிக்கட்டிகளையும் சேர்த்து. உள்ளே ஊறும் நீர் வடிய ஒரு குழாய் வைப்பார்கள். அதன் முனையில் சின்ன பாட்டில் ஒன்று சில நாள் தொங்கும். கையைத் தூக்க முடியாது, முன்பக்கம் திறக்கிற சட்டை வேண்டும். பாதி காதில் ஏறவேயில்லை. சட்டை மட்டும் ஏறியது. அதைப் பக்கத்து லைனில் ஓவர்லாக் தையல் மெஷின் ஓட்டும் முனவரிடம் சொல்ல, அவள் மெத்தென்ற துணி பார்த்து வாங்கி, பாட்டிலுக்கு உள்பாக்கெட்டும் வைத்துத் தைத்துவிட்டாள். உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போட்டுத் தைத்ததில், இடது வலதாகிவிட்டது.

"மூணுலயுமாங்க்கா?" முனவர் தலையில் கை வைத்தாள்.

"மூணுலயுந்தான் புள்ள. பாட்டில் இந்தப் பக்கம், பாக்கெட் அந்தப் பக்கம். குழாயை நடுவுல தோரணமாட்ட கட்டிக்கறதா?"

சொல்லி முடிப்பதற்குள் விஜயகுமாரிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முனவரும் சேர்ந்துகொண்டாள். ஒரு மாதமாக வராத சிரிப்பு, வயிறு வலித்தது. சிரித்துக்கொண்டே கை பழக்கத்தில் மூன்றிலும் அம்பு ஒட்டி, ஆல்டர் பெட்டியில் போட்டது.

"ரிஜெக்ட் பண்ணலீங்களாக்கா?"

"நல்ல துணி கண்ணு. ஒரு இடத்துல பிரிச்சுத் தெச்சா முடிஞ்சது. இதுக்குப் போயி ஆராச்சும் ரிஜெக்ட் பண்ணுவாங்களா?"

சொன்ன பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது. ஆல்டர் பெட்டியைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள். "திங்கக்கெழம காலைல வந்துரு. சேர்ந்து போலாம்" என்றாள்.

செவ்வாய்க்கிழமை காலை ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டர் நிர்மலா பேனாவோடு வந்தார். எந்தப் பக்கம் என்று அவள் வாயாலேயே சொல்லச் சொல்லி, இடது மார்புக்கு மேல் ஓர் அம்பு போட்டார். விஜயகுமாரி குனிந்து, கண்ணை இடுக்கிப் பார்த்தாள்.

"கரெக்டான இடத்துலதானுங்க ஒட்டியிருக்கறீங்க. ஆல்டருக்குப் போலாமுங்க."

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. முனவர் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஸ்ட்ரெச்சர் நகர்ந்தது. பிரித்துத் தைத்த சட்டைகளோடு கூடவே ஓடிவந்த முனவர், ஒன்றில் அம்பு ஸ்டிக்கர் அப்படியே இருப்பதைப் பார்த்து நகத்தால் சுரண்டினாள்.

"உடு புள்ள, அது நான் ஒட்டுனது. இருக்கட்டும்."

கதவு மூடியது. முனவர் அந்தச் சட்டையை விரித்துத் தன் மேல் வைத்து, பாக்கெட் எந்தப் பக்கம் என்று இன்னொரு தடவை பார்த்துக்கொண்டாள்.