லட்சுமிக்குக் கீழே எடை மெஷின்

நன்னிலத்துக்குப் பக்கத்தில் துரைராசுவின் அரிசி மில்லில் அரசப்பனுக்கு மூட்டை தூக்குகிற வேலை. உள்ளே நிரம்புகிற மூட்டையை வாசலோரத்து எடை மெஷினுக்குச் சுமக்கணும். எடை பார்த்ததும், புறப்பட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே திரும்பக் கொண்டுபோய் அடுக்கணும். இருபது வருஷமாய் இதே நடைதான்.

கோயம்புத்தூரில் வேலை பார்த்துவிட்டு வந்த முதலாளி மகள் மாலதி, மில்லில் வீண்வேலையை ஒழிக்கப்போகிறேன் என்று நோட்டும் கையுமாக அவன் பின்னாலேயே வந்து அடி எண்ணினாள்.

"வீண்வேலைன்னா யாரு? நீயும் நானுந்தான் மாப்ளே" என்றான் கூடத் தூக்கும் அல்லா பிச்சை. "எனக்காச்சும் மச்சான் கடை இருக்கு. ஒனக்கு?"

அரசப்பனுக்கு ஐம்பத்து மூணு வயசு, தேய்ந்த முழங்கால். வெளியே போனால் எவன் வேலை கொடுப்பான்? நிறைய நடந்தால் நல்ல உழைப்பாளி என்று எழுதிக்கொள்வாள் என நினைத்து, மறுநாள் தவிட்டுக் குவியலைச் சுற்றிச் சுற்றி நடந்தான்.

"அரசண்ணே, நேத்து எண்பது அடி, இன்னிக்கி நூத்திப் பத்து. ஏன் சுத்துறீங்க?"

மூட்டையை இறக்கிவிட்டு உள்ளதைச் சொல்லிவிட்டான். "ஆளைக் கொறைக்கத்தானே தாயி எண்ணுற?"

"ஆளை இல்லண்ணே, நடையை. இந்த மெஷின் ஏன் வாசல்ல கெடக்கு?"

"லட்சுமி கண்ணுல படாம ஒரு மூட்டையும் போகக்கூடாதுன்னு, படத்துக்குக் கீழ ஒங்க தாத்தா வச்சது."

மெஷினை உள்ளே நகர்த்துகிற விஷயம் துரைராசுவிடம் போனது. "அப்பா வச்சதை நகத்துறதாவது!" என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அரசப்பன் துண்டால் கழுத்தைத் துடைத்தபடி மெல்லச் சொன்னான்: "மெஷினை மட்டும் நகத்துனாத்தானுங்க குத்தம்? லட்சுமி அம்மாவையும் கூட்டிக்கிட்டுப் போவம். வாசல் தூசியில அவங்களுக்குந்தான் மூச்சு முட்டுது."

துரைராசுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை சூடம் காட்டி, படத்தையும் மெஷினையும் உள்ளே கொண்டுபோய் வைத்தார்கள். நடை பன்னிரண்டு அடியாகச் சுருங்கியது. மத்தியானச் சோற்றுக்குள் அன்றைய மூட்டை பூராவும் அடுக்கில் ஏறிவிட்டது. சும்மா நிற்கப் பயந்து அரசப்பன் விளக்குமாற்றை எடுத்தான்.

"அதை வைங்கண்ணே" என்றாள் மாலதி. "அரிசியில கறுத்துப்போனதைப் பிரிக்கிற மெஷினைப் பாத்துக்க ஆளில்ல. இனிமே மத்தியானம் ஒங்களுக்கு அங்கதான்."

மில்லில் உட்கார்ந்து வேலை பார்த்தவனில்லை அவன். அந்த மெஷின் பக்கத்தில் கிடந்த ஸ்டூலைப் பார்த்தபடியே நின்றான்.

"ஒக்காரு மாப்ளே, கடிக்காது" என்றான் அல்லா பிச்சை.

உட்கார்ந்தான். வந்து விழுந்த அரிசியை ஒரு கை அள்ளிப் பரப்பி, அதிலிருந்து ஒன்றைப் பொறுக்கி நீட்டினான்.

"இந்தக் கறுப்பை மெஷினு விட்டுருச்சு தாயி."