சிந்தாத கிளாஸ்

எந்தச் சரக்கை எந்தக் கிளாஸில் ஊற்றுவது என்பதில் அந்த ஓட்டல் பாரில் கிளாஸ்காரர் சொன்னதுதான் சட்டம். அந்தப் பெயரே அவருக்கு அதனால் வந்ததுதான். பிராந்தி என்றால் தொப்பை பெருத்து வாய் குறுகிய கிளாஸ். அடியில் கொஞ்சம் ஊற்றினால் போதும், மணம் உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும் என்பார். விஸ்கிக்கு அடி கனத்த குட்டைக் கிளாஸ். பீருக்குக் கைப்பிடி வைத்த மக். ஒயினைப் பாதிக்கு மேல் ஊற்றுகிறவனை அவர் மனுஷக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

ஒரே ஒரு கிளாஸ் மட்டும் அவருக்கு ஆகாது. புனலைப் போல வாய் விரிந்து, குச்சிக் காலில் நிற்குமே, மார்ட்டினி கிளாஸ். அதை விளிம்புவரை நிறைத்துத்தான் வைக்க வேண்டும். யாராவது மார்ட்டினி கேட்டால் குனிந்து, ரகசியம் சொல்கிற குரலில், "சார், இதையே கனமான கிளாஸ்ல ஐஸ் போட்டுக் குடிச்சுப் பாருங்க. அப்புறம் வேற எதையும் தொட மாட்டீங்க" என்பார். அனுபவஸ்தர் சொல்கிறாரே என்று பத்தில் ஒன்பது பேர் தலையாட்டிவிடுவார்கள்.

அனுபவமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. இருபத்திரண்டு வருடம் பாரில் நின்றும் அவர் ஒரு சொட்டு குடித்ததில்லை. விஷயம் இவ்வளவுதான்: அவருக்குக் கை நடுங்கும். அப்பாவுக்கும் அத்தைக்கும் இருந்த நடுக்கம் நாற்பத்தைந்து வயதில் அவருக்கும் வந்து சேர்ந்தது. "பரம்பரையா வர்றது, உயிருக்கு ஒண்ணும் ஆகாது" என்றார் டாக்டர். உயிருக்கு ஆகாது, சரி. பிழைப்புக்கு? கனத்த கிளாஸ், பாதி ஊற்றுகிற கிளாஸ், கைப்பிடி வைத்த கிளாஸ் எல்லாம் நடுக்கத்தை விழுங்கிக்கொள்ளும். மார்ட்டினி கிளாஸ் ஊரைக் கூட்டிச் சொல்லிவிடும். எட்டு வருடமாக அவர் அப்படித்தான் காலம் தள்ளினார்.

மகளுடைய கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கையில், ஒரு மத்தியானம் மூன்று மணிக்கு, பார் திறக்க ஒரு மணி நேரம் முன்பு, சம்பந்தி வந்து நின்றார். கூடவே அவருடைய மச்சினன்.

சம்பந்தி தராசுக் கடை வைத்திருப்பவர். கடைவீதியில் பாதித் தராசுகளை அவர்தான் சோதித்து முத்திரை வாங்கிக் கொடுப்பார். அவருடைய மகனை மகள் தானே பார்த்துப் பிடித்து, இரண்டு வருடம் காத்திருந்து, இரண்டு வீட்டையும் சம்மதிக்க வைத்திருந்தாள். இது முறிந்தால் அவள் இன்னொரு பையனுக்குக் கழுத்தை நீட்டமாட்டாள் என்பது கிளாஸ்காரருக்குத் தெரியும். அதனால் சம்பந்தி வீட்டுக்கு வந்தபோதெல்லாம் அவர் இரண்டு கைகளையும் அக்குளுக்குள் செருகிக்கொண்டே பேசியிருந்தார். திமிர் பிடித்த மனுஷன் என்று நினைத்தாலும் நினைக்கட்டும் என்று.

"வாங்க சம்பந்தி. என்ன இந்தப் பக்கம்?"

"சும்மாதான்" என்று சொல்லி, தராசுக்கடைக்காரர் மேடையின் முன்னால் உயர ஸ்டூலில் ஏறி உட்கார்ந்தார். மச்சினன் பல்லைக் காட்டினான்.

"நமக்கு ஒரு மார்ட்டினி போடுங்க. அந்தக் குச்சிக் கால் கிளாஸ்லதான் வேணும்" என்றார் சம்பந்தி.

யாரோ போட்டுக் கொடுத்துவிட்டார்கள் என்று கிளாஸ்காரருக்கு அப்போதே புரிந்தது. இருந்தாலும், "அதைவிட இதுல…" என்று குட்டைக் கிளாஸை நோக்கிக் கையை நீட்டினார்.

"அட, நான் கேட்டது அது. விளிம்பு வரைக்கும் ஊத்தி, தட்டுல வச்சு, சுத்தி வந்து எங்க கையில கொடுக்கணும். சம்பந்தி வீட்டு உபசாரம் வேண்டாமா?"

அவர் கலக்கினார், ஊற்றினார். மேடையைச் சுற்றி ஏழு எட்டு அடிதான் வைக்க வேண்டியிருந்தது. தட்டில் கிளாஸின் அடி கடகடவென்று அடித்துக்கொண்டது. வந்து சேர்ந்தபோது தட்டிலும் அவர் சட்டைக் கையிலும் பாதி இருந்தது.

"மச்சான், இந்தக் கையில சலங்கையைக் கட்டிவிட்டா டிக்கெட் போட்டுக் கூட்டம் சேர்க்கலாம்!" என்றான் மச்சினன்.

தராசுக்கடைக்காரர் சிரிக்கவில்லை. தட்டைப் பிடித்திருந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். முள் எங்கே நிற்கும் என்று காத்திருந்து பழகிய கண்.

"இது எத்தனை நாளா?"

"கொஞ்ச நாளாத்தான்."

"உங்க அப்பாவுக்கும் இருந்துச்சாமே. சோத்தை எடுத்தா வாய்க்குப் போறதுக்குள்ள பாதி கீழ போயிருமாம்." நிதானமாகத்தான் கேட்டார், அதுதான் பயமாக இருந்தது. "ஒளிக்காம சொல்லுங்க. ரத்தத்துல வர்றதா? பொண்ணுக்கும் வருமா? நாளைக்கு என் பேரப்பிள்ளைக்கும் வருமா? அப்படின்னா இப்பவே கையைக் கழுவிக்குவோம். கெட்ட பேர் யாருக்கும் வேண்டாம்."

மகள் பல் செட்டு செய்கிற கூடத்தில் வேலை பார்க்கிறாள். போன மாதம்தான் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் வலது கையை அவர் முன்னால் நீட்டிக் காட்டினாள். சுண்டுவிரல் மெல்ல அதிர்ந்துகொண்டிருந்தது. "மெழுகு செதுக்கும்போது வருதுப்பா. யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றாள்.

"ரத்தத்துல ஒண்ணும் இல்லை சம்பந்தி" என்றார் கிளாஸ்காரர். நாக்கு தானாகவே அடுத்த வார்த்தையையும் சொல்லிவிட்டது. "குடி."

"குடியா?"

"எங்கப்பாவும் குடிச்சாரு. நானும் குடிக்கிறேன். பார்ல வேலை பார்த்துட்டு வேற என்ன பண்றது? காலையில போடலைன்னா கை இப்படி ஆடும்."

தராசுக்கடைக்காரர் முகத்தில் ஏதோ இளகியது. "குடின்னா வேற கதை. அது அந்த ஆளோட முடிஞ்சிரும். ஆனா போட்டா கை நிக்கணுமே?"

"நிக்கும்."

"போடுங்க, பார்ப்போம்" என்றான் மச்சினன்.

ஒரு வாய் குடித்தால் இந்த நடுக்கம் கொஞ்ச நேரம் அடங்கும், ஆனால் அந்த வழிக்கே போகாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவரும் போகவில்லை. இப்போது பிராந்தி பாட்டிலை இறக்கினார். பழக்கத்தில் கை தொப்பைக் கிளாஸுக்குப் போயிற்று. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, விளிம்பில் ஒரு கறையைப் பார்த்து, துணியால் துடைத்தார்.

மச்சினன் மேடையில் ஓங்கித் தட்டினான். "மச்சான், ஆளு டூப் விடுறாரு! காலையிலேயே கை ஆடுற குடிகாரன் கிளாஸைத் துடைச்சுக்கிட்டா நிப்பான்? செருப்புல ஊத்திக் கொடுத்தாலும் குடிப்பானே!"

தராசுக்கடைக்காரர் புருவம் மறுபடியும் சுருங்கியது. கிளாஸ்காரர் கிளாஸைக் கீழே வைத்தார். பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்து அப்படியே வாயில் கவிழ்த்தார். இத்தனை வருடமாக மூக்கால் மட்டுமே அறிந்திருந்த சாமான், தொண்டையை உரித்துக்கொண்டு இறங்கியது. இருமல் வந்தால் போச்சு. கண்ணில் நீர் முட்ட, பல்லைக் கடித்து அதையும் விழுங்கினார். "இன்னும்" என்றான் மச்சினன். இன்னொரு முறை கவிழ்த்தார்.

இருபது நிமிடம் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். மச்சினன் கடலை கொறித்தான். சம்பந்தி கைக்கடிகாரத்தையும் அவர் விரல்களையும் மாறிமாறிப் பார்த்தார். வயிற்றில் கிளம்பிய சூடு தோளுக்கு வந்து, முழங்கைக்கு இறங்கி, மெல்ல மெல்ல விரல்நுனியைத் தொட்டது.

இரண்டாவது மார்ட்டினியை விளிம்பில் ததும்ப ஊற்றினார். தட்டில் வைத்தார். மேடையைச் சுற்றி நடந்தார். ஒரு சொட்டு சிந்தவில்லை. எட்டு வருடம் எதற்குப் பயந்தாரோ அது ஒன்றுமே இல்லாததுபோல அவர் கையில் வந்து நின்றது. அழுகை வரும்போல இருந்தது.

"குடிதான்" என்று தீர்ப்புச் சொன்னார் தராசுக்கடைக்காரர். பெருமூச்சு விட்டார். "கல்யாணம் நடக்கட்டும். ஆனா சம்பந்தி, எங்க சொந்தக்காரங்க நாலு பேர் மத்தியில நீங்க ஆடிக்கிட்டு நிக்கறது நல்லாருக்காது. உங்க அண்ணன் நின்னு நடத்தட்டும். நீங்க வரவேண்டாம். அப்புறமும் வீட்டுப் பக்கம் வராம இருந்தா நல்லது. நாளைக்கு பிள்ளைங்க பொறந்தா அதுங்க கண்ணுல இதெல்லாம் படக்கூடாது பாருங்க."

அவர் தலையாட்டினார்.

"பொண்ணுகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுருவோம், மச்சான்" என்றான் மச்சினன். செல்போனை ஸ்பீக்கரில் போட்டு மேடை மேல் வைத்தான். தராசுக்கடைக்காரர்தான் பேசினார்.

"அம்மாடி, உங்கப்பாகூடத்தான் இருக்கேன். கை நடுங்குறது குடியாலதான்னு சொல்றாரு. உனக்குத் தெரியுமா?"

எதிர்முனையில் ஒரு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றது.

"தெரியும் மாமா" என்றாள் மகள். குரலில் ஒரு பிசிறு இல்லை. "வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சு. எங்கம்மா போனதே இவரோட குடியை நினைச்சு நினைச்சுத்தான்."

அம்மா போனது சிறுநீரகம் கெட்டு. இரண்டு வருடம், ஸ்பூன் பல்லில் இடித்துவிடாமல் ஒரு கையால் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு, அவர்தான் ஊட்டினார். பக்கத்தில் தண்ணீர் டம்ளரோடு நின்றவள் இந்த மகள்.

"கல்யாணத்துக்கு அவர் வரவேண்டாம்னு சொல்லியிருக்கேம்மா. உனக்கு வருத்தமில்லையே?"

"நானே சொல்லணும்னு இருந்தேன் மாமா."

"தங்கமான பொண்ணு" என்று சொல்லிக்கொண்டே தராசுக்கடைக்காரர் எழுந்தார். மார்ட்டினியை அவர் தொடவே இல்லை. "நீ இருந்து அதைக் குடிச்சுட்டு வா" என்று மச்சினனிடம் சொல்லிவிட்டுப் போனார்.

நான்கு மணிக்குப் பார் திறந்தது. கிளாஸ்காரரின் செல்போன் அதிர்ந்தது. மகளிடமிருந்து செய்தி: "சரியாச் சொன்னேனாப்பா? இனிமே அப்படியே இருங்க. அவங்க ஆளுங்க அங்க வந்து பார்த்துக்கிட்டே இருப்பாங்க."

அதன்பிறகு வேறு செய்தி வருமா என்று கொஞ்ச நேரம் பார்த்தார். வரவில்லை.

தினமும் முதல் ஆளாக வருகிற ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் தன் இடத்தில் வந்து உட்கார்ந்தார். மூன்று ஸ்டூல் தள்ளி மச்சினன் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். கிளாஸ்காரர் பிராந்தி பாட்டிலை எடுத்து, இரண்டு பேருக்கும் தெரியும்படி திரும்பி நின்று, வாயில் கவிழ்த்தார்.

"என்னய்யா இது, நீங்களா?" என்றார் போஸ்ட்மாஸ்டர், பாதி எழுந்து.

"நான்தான் சார்" என்று புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டார் கிளாஸ்காரர். "உங்களுக்கு என்ன ஊத்தட்டும்?"