ஹெக்டால் என்றொரு வினைச்சொல்

ஆர்லின் ஹெக்டால் சமையலறை மேசையில் இருந்த, பனி லாரிக்காரர்கள் பேசிக்கொள்வது கேட்கும் வயர்லெஸ் பெட்டியை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெளியே மினசோட்டாவின் ஜனவரி, பனியைக் கொட்டித் தன் வேலையைக் காட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பனியில்தான் அவர் மகள் மாரென் பனி தள்ளும் லாரி ஓட்டிக்கொண்டிருந்தாள். ஓய்வு பெறும்வரை அவர் ஓட்டிய அதே லாரி.

இந்த வேலை வேண்டாம் என்று கெஞ்சிப் பார்த்துவிட்டார். குளிருக்குப் பயந்து அல்ல, பெயருக்குப் பயந்து. முன்னொரு டிசம்பரில் ஏரிக்கரை வளைவில் லாரி சறுக்கி, வீட்டுக்கு ஒன்றாகச் சாலையோரம் வரிசையாக நின்ற தபால் பெட்டிகள் அத்தனையையும் அவர் சாய்த்துவிட்டார். பாதிரியாருடையதும் அதில் ஒன்று. மறுநாளே ஊருக்குப் புதிய வினைச்சொல் கிடைத்துவிட்டது. ஆங்கிலத்துக்கு இதெல்லாம் அல்வா சாப்பிடுகிற மாதிரி. நம்மைப் போல ‘பண்ணு’ என்று வால் ஒட்டத் தேவையில்லை. காலையில் ஆளின் பெயராக இருப்பது மத்தியானம் வினையாகி, சாயங்காலம் பெயரடை வேஷமும் கட்டிவிடும். காபிக் கடையில் யார் கோப்பையைக் கவிழ்த்தாலும் அவன் ‘ஹெக்டாலிவிட்டான்’. சொதப்பிய வேலையெல்லாம் ‘ஹெக்டால் வேலை’. அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். வீட்டுக்கு வந்தால் சாப்பாடு இறங்காது. வயர்லெஸ்ஸில் தன் பெயர் வந்தால் சத்தத்தைக் குறைத்துவிடுவார்.

“அந்தப் பேரோட அதே வண்டியில ஏறப்போறியா?” என்று கேட்டதற்கு, “அது என் பேரும்தானேப்பா” என்று சொல்லிவிட்டுப் போனவள் மாரென்.

இப்போது ஏரிக்கரை வளைவில் மரம் ஏற்றிய லாரி ஒன்று குறுக்கே மாட்டிக்கொண்டு நின்றது. மாரெனுக்குப் பின்னால் ஆம்புலன்ஸ். உள்ளே ஒரு பெண், பிரசவ வலியில். எல்லாமே வயர்லெஸ்ஸில் கேட்டது. ஓரமாகப் போனால் வழி இருக்கிறது என்றாள் மாரென்.

“ஓரத்துல தபால் பெட்டிங்க நிக்குதே, பொண்ணு” என்றார் சூப்பர்வைசர் டுவேன்.

“தெரியும். அதைச் சாய்க்கிறது எங்க குடும்பத் தொழில்.”

வயர்லெஸ்ஸில் இரைச்சல் மட்டும் கேட்டது. ஆர்லின் மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டார். பிறகு மாரெனின் குரல், மூச்சு வாங்க: தபால் பெட்டிகள் அத்தனையும் சாய்ந்தாயிற்று, ஆம்புலன்ஸ் தாண்டிப் போய்விட்டதாம். ஆர்லினுக்குக் கண் கலங்கிவிட்டது. என் பெண், என் பெண் என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் இன்னொரு டிரைவர் கிப் டுவேனைக் கூப்பிட்டான். வடக்குச் சாலையில் ஒரு கார் குறுக்கே புதைந்து கிடக்கிறது, பின்னால் தீயணைப்பு வண்டி நிற்கிறது, ஓரத்தில் யாரோ போட்ட வேலி. என்ன செய்ய என்று கேட்டான்.

டுவேன் யோசிக்கவே இல்லை. “ஹெக்டாலு.”

யாரும் சிரிக்கவில்லை. கிப் “சரிங்க” என்று மட்டும் சொன்னான்.

ஆர்லினின் கை பழக்கதோஷத்தில் வயர்லெஸ்ஸின் சத்தம் குறைக்கும் திருகுக்குப் போனது. அதை எதிர்ப்பக்கம், கடைசிவரை திருப்பினார்.

“விவியன்,” என்று மனைவியைக் கூப்பிட்டார், “அடுப்பை அணைச்சுட்டு இங்க வா. நம்ம பேரைச் சொல்றாங்க.”