மோமோலோவின் சிவப்பும் பியெரோவின் வெள்ளையும்

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. வெனிஸை அடுத்த முரானோத் தீவில் ஒரு கல்யாணம் கண்ணாடி இழை ஒன்றால் நின்றுபோகப் பார்த்த கதை இருக்கிறது. சிரிக்காமல் உங்களை எழுந்து போக விடமாட்டேன்.

உலகப் போர் முடிந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். நெரினா, மோமோலோவின் ஒரே மகள். அப்பாவின் கண்ணாடிச் சூளையில் கண்ணாடிக்கு வேண்டிய மணலும் சோடா உப்பும் நிறுத்துப் போடுவது அவள் வேலை. கால்வாய்க்கு எதிர்க்கரையில் பியெரோவின் சூளை. மோமோலோவின் சிவப்புக் கண்ணாடிக்கு மிலான்வரை பேர். பியெரோவின் பால்வெள்ளைக்கும் அப்படியே. இரண்டும் பாட்டன் காலத்துச் சேர்மானம். அளவு வெளியே போகாது. ஒரு காலத்தில் தொழில் ரகசியத்தோடு தீவை விட்டு ஓடியவனைத் தேடிப் பிடிக்க வெனிஸ் அரசு ஆள் அனுப்பியதாம். அந்தப் பயம் போனாலும் பழக்கம் போகவில்லை.

நெரினா மனம் வைத்ததோ பியெரோவின் மகன் ஆல்விசேமேல். விஷயம் தெரிந்ததும் மோமோலோ குதிக்கவில்லை. மகள் கல்யாணத்துக்கு ஒரு பூச்சாடி ஊதிக் கொடுப்பது அவர் வீட்டு வழக்கம். இந்தச் சாடியில் தன் சிவப்பும் பியெரோவின் வெள்ளையும் வரிவரியாக ஓடவேண்டும், அது கீறல் விடாமல் ஆறினால் கல்யாணம் என்று சொல்லிவிட்டார்.

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் நெரினாவுக்குச் சூளைத் தொழில் தெரியும். ஒரு சூளைக் கண்ணாடி இன்னொரு சூளைக் கண்ணாடியோடு ஒத்துப்போவது அபூர்வம். ஆறும்போது ஒன்று அதிகம் சுருங்கும், மற்றது குறைவாகச் சுருங்கும், சாடி பிளந்துவிடும். அதனால் முதலில் இழை இழுத்துப் பார்ப்பார்கள். இரண்டையும் ஒட்டி உருக்கி நூலாக இழுத்தால், ஒத்துப்போகிற ஜோடி நேராக நிற்கும். ஒவ்வாத ஜோடி, அதிகம் சுருங்குகிற பக்கம் வளையும்.

திங்கட்கிழமை இழுத்தார்கள். இழை சிவப்புப் பக்கம் வில்லாக வளைந்தது.

"உன் வெள்ளை பாலில்லய்யா, சுண்ணாம்புத் தண்ணி," என்றார் மோமோலோ.

"உன் சிவப்புக்கு உன்னை மாதிரியே சுருங்கின மனசு," என்றார் பியெரோ.

சோடா கூடினால் கண்ணாடி அதிகம் சுருங்கும்; சிவப்பில் கொஞ்சம் குறைத்தாலோ வெள்ளையில் கொஞ்சம் கூட்டினாலோ சரியாகிவிடும். யார் மாற்றுவது? பாட்டன் வைத்த அளவில் கைவைக்க மாட்டேன் என்று இருவரும் மாதாவின்மேல் ஆணையிட்டார்கள். அன்று நெரினாவின் தட்டில் மக்காச்சோளக் களியும் வறுத்த மத்தியும் அப்படியே ஆறிப்போயின. மோமோலோ பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்.

ஆல்விசே கெஞ்சிக் கூத்தாடி, வியாழக்கிழமை மறுபடி இழுக்க வைத்தான். இழை வளைந்தது, இந்தத் தடவை வெள்ளைப் பக்கம்.

நெரினா இழையைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். அப்பா கூரையைப் பார்த்தார். பியெரோ தன் செருப்பைப் பார்த்தார்.

"அப்பா, சோடாவைக் குறைச்சீங்களா?"

"கொஞ்சூண்டுதாம்மா. ராத்திரி நீ தூங்கினப்புறம்."

மகன் கேட்பதற்கு முன்பே பியெரோவும் ஒத்துக்கொண்டார். பிள்ளையின் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் வெள்ளையில் சோடாவைக் கூட்டியிருந்தார். ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் விட்டுக்கொடுத்து, இரண்டு பேருமாக இழையை மறுபக்கம் சாய்த்துவிட்டார்கள். வேலையாட்கள் ஊதுகுழாயைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள்.

யாராவது ஒருவர் பழைய அளவுக்குத் திரும்பினால் போதும். அதற்கும் சண்டை. மாற்றினது நானாகவே இருக்கட்டும், நீ பழைய அளவுக்குப் போ என்று இப்போது இருவரும் பிடிவாதமாக நின்றார்கள்.

"எவ்வளவு மாத்துனீங்கன்னு ஆளுக்கொரு தடவை என் காதுல சொல்லுங்க. பாதி பாதி வெச்சுக்கலாம்," என்றாள் நெரினா.

இருவருக்கும் வேர்த்தது. கடைசியில் கையால் வாயை மறைத்துக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராக அவள் காதில் முணுமுணுத்தார்கள். இரண்டு சூளைக்கும் அவளே நிறுத்துப் போட்டாள். சனிக்கிழமை இழை நேராக நின்றது. அடுத்த வாரம் பூச்சாடியும் கீறலில்லாமல் ஆறி வெளியே வந்தது.

மோமோலோ அதை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சம்பந்தி, இவளுக்கு ரெண்டு வீட்டு அளவும் தெரிஞ்சுபோச்சு. வெளியூர்க்காரன் எவனாவது கட்டிட்டுப் போனான்னா நாம தொலைஞ்சோம். சீக்கிரம் தேதி வையி."

பியெரோ தொப்பியை எடுத்துக்கொண்டு நேரே பாதிரியார் வீட்டுக்கு நடந்தார்.

உங்கள் வீட்டிலும், என் கண்ணுகளா, விட்டுக்கொடுக்க ஒருவரை முந்திக்கொண்டு ஒருவர் ஓடிவரட்டும். அடுப்பும் சிரிப்பும் அணையாமல் நிறைந்து வாழுங்கள்.